தேவசகாயம் சார் வண்டியின் உயரம்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, நீங்க அளவுல தப்பே பண்ணதில்லையா?" கேட்ட விதத்தைப் பார்த்தால், இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்த மாதிரி இருந்தது. எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுகிறேன். ஒரே வண்டிக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை தப்பாக அளந்து, வேலையே போகிற நிலைக்கு வந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று அதில் இருக்கிறது. அதில் நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் சொல்லுங்கள்.

காருக்குக் கவர் தைப்பது இப்போது சுலபம். வண்டியின் பெயரைச் சொன்னால் அளவு கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் கேரவன் மாதிரி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிற வண்டி வந்தால் நீங்களும் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில்தான் போகவேண்டும். இரண்டு கேரவன் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் பின்னால் ஏணி இருக்கும். இன்னொன்றில் கூரை மேல் மேடு இருக்கும். நான் சொல்லப்போகும் வண்டியில் இரண்டுமே இருந்தன.

எழுபதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எங்கள் பட்டறை. லாரிக்குத் தார்ப்பாய், ஜீப்புக்குக் கூரை, கல்யாணப் பந்தலுக்குக் கித்தான் எல்லாம் தைப்போம். முதலாளி, தையல் மெஷினில் காதர் பாய், அளவெடுக்க நான். மூன்றே பேர். நான் படப்பையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். வயது இருபத்தாறு. என் அளவு தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒருநாள் தேவசகாயம் சார் பட்டறைக்கு வந்தார். சேலையூரில் வீடு. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வேனை எடுத்து, ஐந்தாறு வருடம் தன் கையாலேயே மாற்றி அமைத்து வைத்திருந்தார். உள்ளே மடக்குப் படுக்கை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. நின்று சமைப்பதற்குத் தோதாகக் கூரையை நடுவில் உயர்த்தி ஒரு மேடு. அவரும் மனைவி ரூபி டீச்சரும் பள்ளி விடுமுறைகளில் அந்த வண்டியில்தான் கன்னியாகுமரி, ஊட்டி எல்லாம் போய் வந்திருந்தார்கள். டீச்சர் அப்போது இன்னும் ஆரம்பப் பள்ளியில் வேலையில் இருந்தார்.

"மேடு ஒட்டுற இடத்துல மழை உள்ள இறங்குது" என்றார் சார். "போதாததுக்கு தூங்குமூஞ்சி மரத்தடியில நிக்குது. மேலேயிருந்து தரைக்கு ஒரு விரக்கடை வரைக்கும் மூடுற மாதிரி நல்ல மெழுகுக் கித்தான்ல ஒண்ணு தைச்சுக் குடுங்க."

மறுநாள் போனேன். அளவெடுக்கும்போது இரண்டாவது ஆள் வேண்டும் அல்லவா? சார் தானே முன்வந்தார். நீளமும் அகலமும் எடுக்கும்போது டேப்பின் நுனியை அவர் பிடித்துக்கொண்டார், எண்ணை நான் பார்த்து எழுதினேன். உயரத்துக்கு நான் ஏணியில் ஏறிக் கூரை விளிம்பில் நுனியைப் பிடித்துக்கொண்டு டேப்பைக் கீழே விட்டேன். அவர் குனிந்து தரையில் வைத்து எண்ணைப் படித்தார்.

"வலது பக்கம், எண்பத்து மூணு!"

எழுதினேன். அடுத்த பக்கம் போனோம்.

"இடது பக்கம், எண்பத்தெட்டு!"

"அஞ்சு இஞ்சு வித்தியாசம் வருதே சார்?"

"வலது பக்கம் டிரைவர் உட்கார்ற பக்கம் இல்லையா? ஸ்பிரிங் இறங்கியிருக்கும்."

நியாயமாகப் பட்டது. மேட்டின் உயரத்தையும் அப்படியே அவர் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது சார் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். திண்ணையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலை நிமிராமலே, "படி" என்றார். சார் படியில் இறங்கினார். தன் வீட்டுப் படியை ஒரு மனுஷருக்குச் சொல்லவேண்டுமா என்று நினைத்தேன். சில பெண்களுக்கு அப்படி ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில் கவர் தயார். கொண்டுபோய்ப் போட்டோம். நீளம் கச்சிதம், அகலம் கச்சிதம். ஆனால் வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, இடது பக்கம் தரையில் புரண்டது. மேடு இருந்த இடம் தொளதொளவென்று கிடந்தது. டீச்சர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சார்தான் சிரித்தார்.

"ஏணியில நின்னுட்டு எழுதினே இல்ல? இடம் வலம் மாத்தி எழுதியிருப்பே."

யோசித்துப் பார்த்தேன். மேலே ஏறியபின் வண்டியின் பின்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுதான் எழுதினேன். மாறி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. வலது பக்கம் போதவில்லை, இடது பக்கம் அதிகம். பக்கங்களை மாற்றினால் சரியாகிவிடும். இருந்தாலும் சந்தேகம் தீர இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று ஏறினேன். சார் கீழே குனிந்தார்.

"வலது எண்பத்தெட்டு. இடது எண்பத்து மூணு. நான் சொன்னேன் பார்த்தியா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கவரைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். காதர் பாய் இரண்டு பக்கத் துண்டுகளையும் பிரித்து மாற்றித் தைத்தார். மெழுகுக் கித்தானைப் பிரிப்பது என்றால் சும்மா இல்லை. விரல் நுனி கிழிந்துபோகும். இருந்தாலும் தைத்துக் கொடுத்தார்.

கொண்டுபோய்ப் போட்டேன். இப்போது வலது பக்கம் தரையில் புரண்டது, இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த நிமிடம் என் மண்டைக்குள் என்ன ஓடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி இருக்கவே முடியாது. ஒரு பக்கம் எண்பத்து மூன்றாக இருக்கவேண்டும், அல்லது எண்பத்தெட்டாக இருக்கவேண்டும். இரண்டு விதமாகவும் தைத்துப் பார்த்து இரண்டுமே தப்பு என்றால், வண்டி கேலி செய்கிறதா, நான் பைத்தியமா? சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தேன். தரை சரிவா என்று ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். புதுக் கித்தான் நனைந்தால் சுருங்கும், ஆனால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் நீளுமா?

"வருத்தப்படாதே, ஏழுமலை" என்றார் சார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

பட்டறையில் விஷயத்தைச் சொன்னதும் காதர் பாய் மெஷினை நிறுத்தினார்.

"இன்னாபா, அந்த வண்டி தெனிக்கும் வளந்துகினே கீதா? பெரிய பேஜாரா கீதே! நைனா, நீ ஏதாவது போட்டுகினு அளக்குறியா?"

"பாய், சத்தியமா இல்ல."

முதலாளி மட்டும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவர் அதிகம் பேசாத மனிதர். அளவு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "மூணாவது தடவையும் தப்பாச்சுன்னா, அளவு வேலைக்கு வேற ஆளைப் பார்க்கவேண்டியிருக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "தப்பு எங்க இருக்குன்னே பார்த்துகினு இருக்கே. எங்க இல்லேன்னு பாரு."

அன்று மதியம் சாப்பிடாமல் நோட்டோடு உட்கார்ந்தேன். எங்கே தப்பில்லை? நீளத்தில் இல்லை. அகலத்தில் இல்லை. பம்பர், ஏணி, பின் கதவு எதிலும் இல்லை. தப்பானது எல்லாம் உயரம். அதாவது, நான் மேலே நின்றபோது எழுதிய எண்கள் மட்டும்.

அப்போதும் எனக்கு உண்மை தோன்றவில்லை. என்ன தோன்றியது தெரியுமா? என் காது கெட்டுவிட்டது என்று தோன்றியது! மேலே நிற்கும்போது கீழே சொல்வது சரியாகக் கேட்கவில்லை போலும் என்று பயந்துவிட்டேன். காதர் பாயை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து எண்களைச் சொல்லச் சொன்னேன். லாரிச் சத்தத்துக்கு நடுவில் அவர் கத்தினார், நான் எழுதினேன். இருபது எண்ணும் சரி.

ரோட்டைத் தாண்டி வந்து நோட்டைப் பார்த்தவர், "உன் காது நல்லாத்தான் கீது. சொல்றவன் வாயைப் போய்ப் பாரு" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது கோபத்தைத் தந்தது. கணக்கு வாத்தியார் எண்ணைத் தப்பாகச் சொல்வாரா? ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அவரைப் போய் சந்தேகப்படுவதா? பாருங்கள், மூன்று வாரம் என் டேப்பைச் சந்தேகப்பட்டேன், ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டேன், பூமியைச் சந்தேகப்பட்டேன், என் காதையே சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். காரணம், வாத்தியார் என்ற மரியாதை.

சனிக்கிழமை காலை, யாருடைய உதவியும் இல்லாமல் அளந்துவிடுவது என்று ஒரு நீள மூங்கில் கழியில் அங்குலக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, கவர் மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி சேலையூருக்குப் போனேன். டீச்சர் உள்ளே சமையலில் இருந்தார். சார் கடைக்குப் போயிருக்கிறார் என்றார். நான் கழியை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

வலது பக்கம் எண்பத்தைந்து. இடது பக்கம் போனேன். எண்பத்தைந்து.

இரண்டும் ஒன்று. மறுபடி வலது பக்கம் வந்து நிறுத்தினேன். எண்பத்தைந்துதான். மூன்றுமில்லை, எட்டுமில்லை.

அப்போது கேட் திறந்தது. சார் கையில் பையோடு உள்ளே வந்தார். அந்தக் காலத் தந்திச் சேவகர் மாதிரி நான் காக்கிச் சட்டை போட்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. என்னைப் பார்த்து, "என்னப்பா, தந்தியா?" என்றார்.

"சார், நான் ஏழுமலை."

"தெரியுதே. சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன்."

அவர் குரலில் விளையாட்டு இல்லை. ஆனாலும் நிச்சயமாகத் தெரியாமல் எதையும் நினைக்கக் கூடாது என்று, "சார், கடைசியா ஒரு தடவை உயரம் மட்டும் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் மேலே ஏறி டேப்பை விட்டேன். அவர் குனிந்தார். கொஞ்சநேரம் எடுத்துக்கொண்டார்.

"எண்பத்து மூணு."

"அப்படியே பிடிச்சுகினு இருங்க சார். விரலை எடுக்காதீங்க."

டேப்பின் நுனியைக் கூரை விளிம்பில் செருகிவிட்டு இறங்கி வந்து அவர் பக்கத்தில் குந்தினேன். அவருடைய கட்டைவிரல் நகம் கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் இருந்தது. எண்பத்தைந்தில். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. வாய்தான் வேறு எண்ணைச் சொன்னது.

"சார், இது என்ன எண்?"

அவர் டேப்பைப் பார்க்கவில்லை. என் முகம் இருந்த பக்கம் பார்த்தார்.

"நீயே சொல்லு."

"எண்பத்தஞ்சு, சார்."

வண்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா சார்?"

"ஈஸ்டருக்கு முன்னாடியிலிருந்து. முதல்ல பனி மாதிரி இருந்துது. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நினைச்சேன்." தாழ்ந்த குரலில் பேசினார். "மூணு, அஞ்சு, எட்டு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. உத்தேசமா ஒண்ணைச் சொல்லிடுறது."

"தெரியலேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். நானே இறங்கி வந்து பார்த்திருப்பேனே."

"முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியார், ஏழுமலை. ஒருத்தன் வந்து எண்ணைக் கேட்டா, தெரியலேன்னு எப்படிச் சொல்றது?"



"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ சொல்லக்கூடாது. தெரிஞ்சா முதல்ல சாவியை எடுத்து பீரோவுல வச்சுடுவா. பள்ளிக்கூடம் போயிடுச்சு. இந்த வண்டியும் போயிட்டா அப்புறம் நான் என்ன செய்யறது, சொல்லு."

அதற்குள் டீச்சர் காப்பியோடு வந்துவிட்டார். நாங்கள் எழுந்தோம். என்னிடம் டம்ளரைக் கொடுத்துக்கொண்டே, "இன்னிக்காவது சரியாயிடுமா, தம்பி? நாளைக்குச் சர்ச்சு முடிஞ்சதும் மகாபலிபுரம் போறோம். அஸ்தினாபுரத்துலேர்ந்து என் தங்கச்சி பிள்ளைங்க மூணு பேரு வர்றாங்க. ஒரு வாரமா வண்டி வண்டின்னு குதிச்சுட்டு இருக்காங்க" என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் உள்ளே போனதும், "சார், நாளைக்கு வேணாம்" என்றேன்.

"பழகின ரோடு. மெதுவாத்தான் போவேன்."

"மூணு பிள்ளைங்க, சார்."



தம்பிகளே, அந்தக் காப்பியைக் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. டீச்சரிடம் சொல்லிவிடலாம். சார் என்னை நம்பிச் சொன்னதை, அவர் வீட்டு வாசலிலேயே போட்டு உடைத்த மாதிரி ஆகும். சொல்லாமல் போய்விடலாம். நாளைக்குப் பழைய மகாபலிபுரம் ரோட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் வண்டி ஓட்டுவார். சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பஞ்சர்க் கடை தெருமுனையிலேயே இருந்தது. நான் வெறும் கவர் தைக்கிறவன். இது என் வேலையா? ஒன்றும் புரியவில்லை.

சைக்கிள் கேரியரில் கவர் மூட்டை இருந்தது. கோணி ஊசியும் சணல் கயிறும் எப்போதும் பையில் இருக்கும். போய் மூட்டையை அவிழ்த்தேன்.

அளவு தப்பான அந்தக் கவரையே வண்டி மேல் போட்டேன். ஒரு பக்கம் புரண்டது, ஒரு பக்கம் தூக்கியது. பரவாயில்லை என்று அடியில் குறுக்கே கயிறு விட்டு இழுத்தேன். முன்பக்கத் திறப்பு, பின்பக்கத் திறப்பு இரண்டையும் கோணி ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்தேன். கதவைத் தொட முடியாதபடி மூடிவிட்டேன். சார் பக்கத்தில் நின்று ஊசி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். சொல்லவில்லை.

கடைசி முடிச்சைப் போடும்போது டீச்சர் வெளியே வந்தார்.

"என்ன தம்பி இது, மூட்டை கட்டின மாதிரி?"

"புது மெழுகு பூசியிருக்கு டீச்சர். வண்டி மேலேயே மூணு நாள் இருந்து காயணும். நடுவுல பிரிச்சா வெடிச்சுடும். செவ்வாக்கிழமை வந்து நானே பிரிக்கிறேன்."

முழுப் பொய். மெழுகு ஒரு மாதத்துக்கு முன்பே காய்ந்துவிட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்தார்.

"ஆமா, ரூபி" என்றார் சார். "மெழுகு காயணும். பிள்ளைங்களை இன்னொரு நாள் கூட்டிட்டுப் போகலாம்." குரல் உடைந்திருந்தது. ஆனால் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு பிளேடு போதும், அந்தத் தையலை அறுத்துவிட. படப்பையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து அவர்கள் வண்டி கடந்தாகவேண்டிய கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் ஏழு மணியிலிருந்து நின்றேன். ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் ரோட்டில் இறங்கி எட்டிப் பார்த்தேன். வண்டி வரவில்லை. எட்டரை மணிக்கு அவர்கள் இரண்டு பேரும் சர்ச்சுக்கு நடந்து வந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் குடை பிடித்திருந்தார். சார் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் ஒரு கடைக்குள் நுழைந்து மறைந்துகொண்டேன். எதற்கு மறைந்தேன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மாலை பள்ளி விட்டதும் டீச்சர் பட்டறைக்கே வந்துவிட்டார். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"மெழுகு காஞ்சுடுச்சா, தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து சர்ச்சுலேர்ந்து வந்ததும் சொல்லிட்டாரு. எல்லாத்தையும்."

"மன்னிச்சுக்குங்க, டீச்சர். உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல."

"எங்கிட்ட எதை மறைச்சே? எனக்கு ஆறு மாசமாத் தெரியும்."

காதர் பாய் மெஷின் நின்றுவிட்டது.

"இடது பக்க சீட்டுல உட்கார்ந்துட்டு, லாரி வருது, மாடு நிக்குது, வளைவு வருதுன்னு சொல்லிட்டே வர்றேன். சும்மா பேசிட்டு வர்ற மாதிரி. வீட்டுல படி, வாசல்னு சொல்றேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது. அவரே வாயைத் திறந்து சொல்லட்டும்னு காத்துட்டு இருந்தேன். நான் கேட்டா உடைஞ்சு போயிடுவாருன்னு பயம்."

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில எனக்குக் காய்ச்சல் வர்றதா இருந்துது" என்றார் டீச்சர். "தூரமாப் போற நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல்தான் வரும். போன மூணு தடவையும் அப்படித்தான்."

அவர் என்னை வைகிறாரா, நன்றி சொல்கிறாரா என்றே தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம் இருந்தது. "நீ ஒரு நாள் பொறுத்திருந்தா நானே நிறுத்தியிருப்பேன்" என்றார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஆனா அவர் வாயைத் திறந்திருக்கமாட்டாரு" என்றார். பிறகு, நாளைக்குக் காலையில் வந்து தையலைப் பிரித்துவிடு, வண்டிக்குள் அவருடைய பழைய கண்ணாடி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபின் முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உயரம் எவ்வளவு?"

"எண்பத்தஞ்சு, ரெண்டு பக்கமும்."

"பாய், பிரிச்சுத் தைச்சுடுங்க" என்றார். அளவு வேலைக்கு வேறு ஆளைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

கண்ணில் புரை என்று சொல்லிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்கவேண்டும். பிறகு சோடாப் புட்டி மாதிரி கனத்த கண்ணாடி. எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் பக்கவாட்டில் வருவது தெரியாது. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். டேப்பின் மறுமுனையை யார் பிடித்தாலும், அவர் சொல்லும் எண்ணை இறங்கி வந்து உங்கள் கண்ணால் பாருங்கள். வாத்தியாராக இருந்தாலும் கலெக்டராக இருந்தாலும் பாருங்கள். அது அவருக்கு அவமரியாதை இல்லை. நான் முதல் நாளே இறங்கி வந்து பார்த்திருந்தால், மூன்று வாரம் முன்னதாகவே அந்த மனிதருக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும். தொழில் சம்பந்தமாக இதில் எனக்குக் குழப்பம் இல்லை.

தைத்து மூடினதுதான் குழப்பம். ஒருவர் வண்டியை, அவர் வீட்டிலேயே, அவர் மனைவியிடம் பொய் சொல்லிப் பூட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை? டீச்சருக்குக் காய்ச்சல் வந்தே இருக்கும், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சில நாள் தோன்றும். காய்ச்சலையும் மீறி அவர் தனியாக வண்டியை எடுத்திருந்தால் என்று சில நாள் தோன்றும். இத்தனை வருடம் கழித்தும் எந்தப் பக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் கோடை. ஒருநாள் காலை பத்து மணிக்கு எங்கள் பட்டறை வாசலில் ஒரு வண்டி குலுங்கிக் குலுங்கி வந்து நின்று, எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. பார்த்தால் அந்த ஆம்புலன்ஸ் வேன். ஸ்டியரிங்கில் ரூபி டீச்சர். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, முகமெல்லாம் வியர்வையோடு கியரோடு போராடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்திருந்தார். இடது பக்க சீட்டில் சார், இரண்டு கையாலும் முன்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின்னால் மூன்று பிள்ளைகள் ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள்.

நான் ரோட்டுக்கு ஓடினேன். கனத்த கண்ணாடி வழியாக சார் என்னை நேராகப் பார்த்தார். காக்கிச் சட்டைதான் போட்டிருந்தேன்.

"ஏழுமலை" என்றார். "நிஜத்தைச் சொல்லு. டீச்சர் நல்லா ஓட்டுறாங்களா?"

லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தான். வண்டி பாதி ரோட்டை மறித்து நின்றது.

"நல்லாத்தான் ஓட்டுறாங்க, சார்."

"போடா. நீ சொன்ன மெழுகுப் பொய் ஒண்ணே போதும் எனக்கு."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே சாவியைத் திருப்பினார். வண்டி இரண்டு தடவை துள்ளியது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சார் ஒரு கையை வெளியே நீட்டி, பின்னால் வந்த லாரிகளைப் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு வண்டி வண்டலூர்ப் பக்கம் போனது.